பின்தோட்டத்தில் வீடு: ஹாரோ வழியா, க்ராய்டன் வழியா?

லண்டனின் வடமேற்கில் ஹாரோ, தெற்கில் க்ராய்டன். இரண்டு இடங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வீடு வாங்கிக் குடியிருக்கின்றன. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் வரிசை வரிசையாக எழுந்த செமி வீடுகள் (இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை) இரண்டு இடங்களிலும் ஏராளம். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் நீளமான தோட்டம். அந்தத் தோட்டத்தைப் பிரித்து இன்னொரு வீடு கட்ட விடலாமா என்ற கேள்வி வந்தபோது இரு கவுன்சில்களும் எதிரெதிர் முடிவு எடுத்தன. ஹாரோ கதவைச் சாத்தியது. க்ராய்டன் அகலத் திறந்தது; மூன்றே ஆண்டுகளில் திரும்பச் சாத்திக்கொண்டது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும், எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் தன் உள்ளூர்த் திட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி எழுத வேண்டும். அப்போது மக்கள் கருத்தைக் கேட்டுக் கடிதம் வரும். பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வீடு கட்டப் போவதாக மின்கம்பத்தில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் கூட்டத்துக்கு ஓடுகிறார்கள். அதற்குள் கொள்கை எழுதி முடிந்திருக்கும். திட்டக்குழுக் கூட்டங்களில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்கும்போது என்னை வருத்துவது இதுதான். அண்டை வீட்டுக்காரருக்குப் பேசக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நிமிடம். அதில் பாதியை "என் வீட்டு விலை குறையும்", "சன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும்" என்று செலவிடுகிறார். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்கக் குழுவுக்குச் சட்டப்படி இடமே இல்லை. ஆகவே கவுன்சில்கள் முன்னால் இருக்கும் வழிகளை முன்கூட்டியே எடைபோட்டுப் பார்ப்பது நம் எல்லோருக்கும் நல்லது.

என் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் கட்டலாமா கூடாதா என்று பொத்தாம்பொதுவாக முடிவெடுத்த இரு கவுன்சில்களும் தாங்கள் நினைத்ததைச் சாதிக்கவில்லை. புது வீட்டுக்குத் தெருவில் சொந்த வாசல் இருக்கிறதா என்று பார்க்கும் கவுன்சில்தான் சரியாகச் செய்யும்.

தகராறு எங்கே தொடங்கியது

2000இல் வந்த தேசிய வழிகாட்டுதல், புது வீடுகளில் 60 சதவீதமாவது ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலத்தில் வர வேண்டும், ஹெக்டேருக்குக் குறைந்தது 30 வீடு இருக்க வேண்டும் என்றது. பாழடைந்த தொழிற்சாலை, மூடிய ரயில் யார்டு போன்றவற்றைப் பயன்படுத்துவது நோக்கம். ஆனால் ஒரு வீட்டைச் சுற்றியுள்ள நிலமும் அந்த வரையறைக்குள் வந்ததால், ரோஜாச் செடி நிற்கும் பின்தோட்டமும் பழைய தொழிற்சாலை மனையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாயின. பில்டர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தொழிற்சாலை மனையில் மண்ணைச் சுத்தம் செய்யவே பெரும் பணம் போகும். தோட்டத்தில் அந்தச் செலவு இல்லை.

2010 ஜூனில் அப்போதைய அமைச்சர் கிரெக் கிளார்க் தோட்டங்களை அந்த வரையறையிலிருந்து எடுத்தார். குறைந்தபட்ச அடர்த்தி விதியையும் நீக்கினார். 1997க்கும் 2008க்கும் இடையில், ஏற்கெனவே குடியிருப்பாக இருந்த நிலத்தில் கட்டப்பட்ட புது வீடுகளின் பங்கு பத்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்ந்தது என்று அரசு காரணம் காட்டியது. இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வீட்டை இடித்து அதே இடத்தில் ஃபிளாட் கட்டியதும் இதில் சேரும். நான்கில் ஒன்றும் தோட்டத்தில் எழுந்த வீடல்ல.

2012இல் வந்த தேசியத் திட்டக் கொள்கை, தோட்டங்களில் பொருந்தாத கட்டுமானத்தைத் தடுக்கும் கொள்கையை விரும்பினால் எழுதிக்கொள்ளலாம் என்று கவுன்சில்களிடம் விட்டது. 2010இலேயே தோட்டத்தில் கட்டுவது தடை செய்யப்பட்டுவிட்டது என்று இன்றும் கூட்டங்களில் பலர் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி ஒரு தேசியத் தடை ஒருநாளும் இருந்ததில்லை. முன்னுரிமை போனது, அனுமதி கேட்கும் உரிமை போகவில்லை. அதனால்தான் ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஹாரோ: கூடாது

ஹாரோ 2012இல் நிறைவேற்றிய மையத் திட்டத்தில், தோட்டத்தில் கட்டுவதை எதிர்ப்போம் என்று நேரடியாக எழுதியது. அடுத்த ஆண்டே இதற்கென்று தனி வழிகாட்டி ஆவணமும் கொண்டுவந்தது. வீட்டுக்கு எக்ஸ்டென்ஷன் போடலாம். வீட்டை ஃபிளாட்டாகப் பிரிக்கலாம். இடித்துவிட்டு அதே தடத்தில், ஓரளவு பெரிதாகத் திரும்பக் கட்டலாம். தோட்டத்தில் மட்டும் புது வீடு கூடாது. வளர்ச்சியை ஹாரோ நகர மையத்துக்கும் வீல்ட்ஸ்டோனுக்கும் திருப்பிவிட்டார்கள். அங்கே ரயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, பழைய தொழிற்சாலை நிலமும் இருந்தது.

இந்த வழியின் பெரிய பலம் தெளிவு. வீடு வாங்குகிறவருக்குப் பின்னால் என்ன வராது என்று தெரியும். மனை வாங்கிப் பிரித்து விற்க நினைக்கும் ஆள், தெளிவாக எழுதப்பட்ட தடையைப் பார்த்ததும் வேறு ஊர் தேடிப் போவார். ஊகத்தின் பேரில் தோட்ட நிலத்தின் விலை ஏறாது. திட்ட அலுவலர்களின் நேரமும் மிச்சம். ஒரு வளர்ச்சித் திட்டம் எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, எங்கே கூடாது என்றும் சொன்னால் அதற்கு ஒரு நேர்மை இருக்கிறது. ஹாரோ அதைச் செய்தது.

ஆனால் தோட்டம் பிழைத்ததா? இங்கேதான் எனக்குக் கவலை. லண்டன் வனவிலங்கு அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட ஆய்வு, வான்வழிப் படங்களை ஒப்பிட்டு எழுதப்பட்டது. பெருநகர லண்டனின் பரப்பில் ஏறக்குறைய 24 சதவீதம் வீட்டுத் தோட்டங்கள். 1998 முதல் 2008 வரை அந்தத் தோட்டங்களின் பசுமை ஆண்டுக்கு இரண்டரை ஹைட் பார்க் அளவுக்குக் குறைந்தது. அதில் பெரும்பகுதியை விழுங்கியது புது வீடல்ல. கல் பதித்தது, டெக்கிங் போட்டது, ஷெட் கட்டியது, முன்தோட்டத்தைக் கார் நிறுத்துமிடமாக்கியது ஆகியவைதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கவுன்சிலின் அனுமதியே தேவையில்லை. முன்தோட்டத்தில் தண்ணீர் இறங்காத தளம் 5 சதுர மீட்டருக்கு மேல் போட்டால் 2008 அக்டோபரிலிருந்து அனுமதி வேண்டும். பின்தோட்டத்துக்கு அந்த விதி கிடையாது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிவரைக்கும் அனுமதியின்றி வெளிக்கட்டடம் கட்டிக்கொள்ளலாம். வேலி ஓரத்தில் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது போன்ற சில வரம்புகள் மட்டும் உண்டு.

ஆக, வீடு கட்டத் தடை இருக்கும் தெருவிலும் தோட்டம் காங்கிரீட் ஆகலாம். ஆகிக்கொண்டும் இருக்கிறது. அந்த வெளிக்கட்டடத்தில் ஆட்களைக் குடியமர்த்தி வாடகை வாங்குவது லண்டனின் பல பகுதிகளில் பெரிய பிரச்சினை. நியூஹாம், லண்டனுக்கு வெளியே மேற்கிலுள்ள ஸ்லௌ போன்ற கவுன்சில்கள் இதற்காகவே சோதனை நடத்தின. ஸ்லௌவில் வானிலிருந்து வெப்பப் படம் எடுத்துத் தேடினார்கள். வெளிச்சமில்லாத, ஈரம் கசியும், தீப்பிடித்தால் தப்ப வழியில்லாத அறைக்குள் ஒரு குடும்பம் படுத்திருப்பதைவிட, ஒழுங்கான அனுமதியோடு, சன்னலும் குழாயும் உள்ள சிறு வீடு எவ்வளவோ மேல். கதவை முழுக்கச் சாத்தும் கவுன்சில் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

க்ராய்டன்: கட்டுங்கள்

க்ராய்டன் கதை நீளமானது. லண்டன் முழுமைக்கும் லண்டன் மேயர் எழுதும் லண்டன் திட்டத்தின் வரைவு 2017 இறுதியில் வெளியானது. அது, கால் ஹெக்டேருக்கும் குறைவான சிறு மனைகளிலிருந்து மட்டும் க்ராய்டன் ஆண்டுக்கு 1,511 வீடு தர வேண்டும் என்றது. எந்த நிலத்தில் இத்தனை வரும்? புறநகர்த் தோட்டங்களில்தான். 2018இன் உள்ளூர்த் திட்டம் மூன்று தள உயரத்தைப் புறநகரிலும் சாதாரண அளவாக ஏற்றது. 2019இல் புறநகர் வடிவமைப்பு வழிகாட்டி வந்தது. தெருமுனை மனையில் எப்படிக் கட்டுவது, பின்தோட்டத்தில் எப்படி, பக்கத்து மனையோடு சேர்த்து எப்படி என்றெல்லாம் படம் வரைந்து காட்டிய ஆவணம் அது. படங்கள் தரமானவை. நல்ல கட்டடக் கலைஞர் கையில் கிடைத்தால் நல்ல வீடு வந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வந்தது வேறு. க்ராய்டனின் தெற்குப் பகுதியான பர்லி, கென்லி, கூல்ஸ்டன், சாண்டர்ஸ்டெட் பக்கம் பெரிய தனிவீடு ஒன்றை வாங்குவது, இடிப்பது, தோட்டத்தின் ஆழம்வரை நீட்டி ஒன்பது ஃபிளாட் கட்டுவது என்ற மாதிரி பரவியது. ஒன்பது என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. தேசிய விதிப்படி, பெரும்பாலான இடங்களில் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள திட்டத்திடம்தான் மலிவு வீடுகளுக்குப் பங்கு கேட்க முடியும். ஒன்பதோடு நிறுத்தினால் ஒன்றும் தர வேண்டியதில்லை. வீட்டுப் பற்றாக்குறையின் பெயரில் கதவைத் திறந்த கவுன்சில், காத்திருப்போர் பட்டியலில் இருந்த குடும்பத்துக்கு அந்தத் திட்டங்களிலிருந்து ஒரு மலிவு வீடுகூட வாங்கிக் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தது. நான்கு படுக்கையறை உள்ள குடும்ப வீடு போய்ச் சின்ன ஃபிளாட்டுகள் வந்தன. பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் குடும்பங்களுக்கு அவை உதவவில்லை.

நிலத்தின் தன்மை வேறு. கென்லிப் பள்ளத்தாக்கு சுண்ணாம்புப் பாறை நிலம். மழை அதிகமான குளிர்காலத்தில் நிலத்தடி நீர் மேலெழுந்து, சாதாரண நாட்களில் காய்ந்து கிடக்கும் ஓடை பாயும். 2014 பிப்ரவரியில் கென்லி குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே ஆபத்தில் இருந்தது. தண்ணீரைத் திருப்பிவிடப் பர்லியில் பாதசாரிகள் போகும் சுரங்கப்பாதையை வேண்டுமென்றே நிரப்பினார்கள். அதே பள்ளத்தாக்கின் சரிவுகளில் தோட்ட மண்ணைக் கூரையும் கார் நிறுத்துமிடமுமாக மாற்றினால் மழைநீர் எங்கே போகும் என்று மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதை "புதியவர்கள் வரக் கூடாது என்ற எண்ணம்" என்று தள்ளிவிட்டது பெரிய தவறு.

கோபம் அரசியலானது. 2021 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர் வேண்டும் என்று மிகப் பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். அதற்குப் பல காரணங்கள் இருந்தாலும் தெற்குப் பகுதியின் கட்டுமானக் கோபம் முக்கியமானது. 2022 மேயில் கன்சர்வேடிவ் கட்சியின் ஜேசன் பெர்ரி மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் மேயரானார். வாக்குறுதி கொடுத்தபடி அந்த ஆண்டே வழிகாட்டியை ரத்து செய்தார்.

ரத்தானது வழிகாட்டி மட்டுமே. இடையில், 2019இல் ஆய்வாளர்கள் சிறு மனை இலக்கு நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொன்னதால், 2021இல் இறுதியான லண்டன் திட்டம் க்ராய்டனின் 1,511ஐ 641 ஆகக் குறைத்தது. அந்த 641 ரத்துக்குப் பிறகும் நின்றது. 2018 திட்டமும் நின்றது. விண்ணப்பங்கள் தொடர்ந்து வந்தன. அவற்றை அளக்கும் படப் புத்தகம் மட்டும் இல்லாமல் போனது. வழிகாட்டியைக் கிழிப்பது கூட்டத்தில் கைதட்டல் வாங்கும். அதைத் திருத்தி, பள்ளத்தாக்குச் சரிவுகளையும் அணுகுவழி இல்லாத மனைகளையும் விலக்கியிருந்தால் மக்களுக்கு அதைவிடப் பயன் கிடைத்திருக்கும்.

கொள்கையே இல்லாமல் இருப்பது

பல சிறு கவுன்சில்கள் இந்த மூன்றாவது வழியில் இருக்கின்றன: வரும் விண்ணப்பத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்வோம் என்பது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொள்கை பலவீனமாக இருந்தால் கவுன்சிலர்கள் தெருக்காரர் முகம் பார்த்து மறுப்பார்கள். பில்டர் மேல்முறையீட்டுக்குப் போவார். பிரிஸ்டலைத் தலைமையிடமாகக் கொண்ட திட்ட ஆய்வு அமைப்பின் ஓர் ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதிப்பார். மறுத்ததற்குக் காரணம் காட்ட முடியவில்லை என்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கவுன்சில் கட்ட நேரும். ஐந்து ஆண்டுக்குப் போதுமான வீட்டு நிலம் கையில் இருப்பதாகக் காட்ட முடியாத கவுன்சிலுக்கு நிலைமை இன்னும் மோசம். தேசியக் கொள்கையின் தராசு அனுமதியின் பக்கம் சாயும். 2024 டிசம்பரில் வீட்டு இலக்குகள் திரும்பக் கட்டாயமானதால் இந்த நிலையில் மாட்டும் கவுன்சில்கள் கூடும். முடிவெடுக்காமல் இருப்பது இங்கே நடுநிலை அல்ல. முடிவை வேறொருவர் கையில் கொடுப்பது.

டேப் எடுத்து அளந்தால்

இனி நான் பரிந்துரைக்கும் வழி. அதை வாதமாகச் சொல்வதைவிட ஒரு மனையை அளந்து காட்டுவது எளிது.

10 மீட்டர் அகலம், வீட்டின் பின்சுவரிலிருந்து 45 மீட்டர் நீளம் உள்ள தாராளமான தோட்டத்தை எடுத்துக்கொள்வோம்: 450 சதுர மீட்டர். க்ராய்டனின் 2018 திட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு. இருக்கும் வீட்டுக்குக் குறைந்தது 10 மீட்டர் நீளத் தோட்டம் மிஞ்ச வேண்டும். பழைய தோட்டத்தில் பாதி அல்லது 200 சதுர மீட்டர், இவற்றில் எது குறைவோ அதற்குக் கீழே போகக் கூடாது. நம் கணக்கில் 200.

முதல் நிலை: இந்த வீடு தெருவின் நடுவில் இருக்கிறது. பின்னால் போக வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்துதான் வழி. கட்டட விதிகளின்படி தீயணைப்பு வண்டி, வீட்டின் எந்த மூலையிலிருந்தும் 45 மீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். அது ஓட 3.7 மீட்டர் அகலம் வேண்டும். செமி வீட்டின் பக்கச் சந்து பல இடங்களில் அந்த அகலம் இருக்காது. கராஜை இடித்து 3.7 மீட்டர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாதை தோட்டத்தின் ஓரமாக ஓடும். பழைய வீட்டுக்கு மிஞ்சும் தோட்டம் 6.3 மீட்டர் அகலம்தான். 200 சதுர மீட்டர் வர ஏறக்குறைய 32 மீட்டர் நீளம் விட வேண்டும். மிச்சம் 13 மீட்டர். அதில் 8 மீட்டர் ஆழமுள்ள வீடு கட்டினால் 5 மீட்டர் மிஞ்சும். கார் திருப்பவே காணாது, தோட்டத்துக்கு எங்கே போவது? தீயணைப்பு வண்டி உள்ளே வந்தாலும் திரும்ப இடமில்லை; தெருவிலேயே நின்றால் புது வீட்டின் கடைசி மூலை 45 மீட்டரைத் தாண்டிவிடும். ஸ்பிரிங்க்ளர் பொருத்தினால் தளர்வு வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் குப்பைத் தொட்டி, வண்டி வந்து எடுக்கும் இடத்திலிருந்து 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி அதற்குள் உடைந்திருக்கும். இரவு ஒவ்வொரு கார் வரும்போதும் இரு பக்க வீடுகளின் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஹெட்லைட் போகும். பக்கத்துத் தோட்டத்தில் வேலியை ஒட்டி அரை மீட்டர் விட்டமுள்ள ஓக் மரம் நின்றால், அதன் வேர்க்காப்பு வட்டத்தின் ஆரம் தண்டு விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு, அதாவது 6 மீட்டர். பத்து மீட்டர் தோட்டத்தில் பாதிக்கு மேல் அதற்குள்.

இரண்டாவது நிலை: அதே தோட்டம், ஆனால் தெருமுனை மனை. வீட்டுக்காரருக்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் விட்டால் 200 சதுர மீட்டர் சரியாக வந்துவிடும். மிச்சம் 25 மீட்டரும் பக்கத் தெருவைப் பார்த்தபடி கிடக்கிறது. தனிப் பாதை வேண்டாம். தீயணைப்பு வண்டி தெருவிலேயே நிற்கும். குப்பைத் தொட்டி வாசலில் இருக்கும். மூன்று படுக்கையறை, ஐந்து பேர், இரண்டு தளம் உள்ள வீட்டுக்குத் தேசிய அளவு 93 சதுர மீட்டர். தரைத்தளத்துக்கு 50 சதுர மீட்டர் போதும். ஒரு குடும்ப வீடும் அதற்கென்று நல்ல தோட்டமும் தாராளமாக அமையும்.

மூன்றாவது நிலை எனக்கு மிகவும் பிடித்தது. முனை வீடும் அடுத்த இரண்டு வீடுகளும் சேர்ந்து தோட்டத்தின் பின்பகுதியைக் கொடுக்கின்றன. மூன்று பேருக்கும் 200 சதுர மீட்டர் மிஞ்சிய பிறகு, பின்னால் 30 மீட்டர் அகலம், 25 மீட்டர் ஆழம் கிடைக்கிறது. பக்கத் தெருவிலிருந்து 5 மீட்டர் அகலச் சிறு சந்து, அதைப் பார்த்து ஒரே வரிசையில் நான்கு வீடு, ஒவ்வொன்றின் பின்னாலும் 11 மீட்டர் தோட்டம். பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் இடையில் சன்னலுக்குச் சன்னல் 25 மீட்டர். லண்டனில் வழக்கமாகக் கேட்பது 18 முதல் 21 மீட்டர். கடைசி வீட்டின் மூலையும் தெருவிலிருந்து 45 மீட்டருக்குள்ளேயே முடியும். ஒருவர் தனியாக முயன்றால் ஒரு மோசமான வீடு. மூவர் சேர்ந்தால் நான்கு நல்ல வீடு.

இதைத்தான் கொள்கையில் எழுதச் சொல்கிறேன். பொதுத் தெருவிலோ பின்சந்திலோ புது வீட்டுக்கு நேரடி முகப்பு இருந்தால், தோட்ட அளவும் மரமும் தண்ணீரும் சரியாக இருக்கும்வரை அனுமதி உண்டு என்ற எதிர்பார்ப்பு. வேறொரு வீட்டின் பக்கவாட்டில் நுழைந்து போக வேண்டிய வீடு என்றால் மறுப்பு. பல தோட்டங்கள் சேரும் திட்டத்துக்கு ஊக்கம். ஹாரோவின் தெளிவு இதில் இருக்கிறது. க்ராய்டன் தேடிய வீடுகளில் ஒரு பகுதியும் கிடைக்கும். லண்டன் திட்டம் ரயில் நிலையத்திலிருந்தோ நகர மையத்திலிருந்தோ 800 மீட்டருக்குள் உள்ள இடங்களைச் சிறு மனை வளர்ச்சிக்குச் சொல்கிறது. அந்த வட்டத்துக்குள் இந்த விதியைத் தாராளமாகவும் வெளியே கறாராகவும் நடத்தலாம்.

பல்லுயிர்ப் பெருக்கத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டும் என்ற சட்டம் 2024 ஏப்ரலில் சிறு மனைகளுக்கும் வந்ததே, அது தோட்டத்தைக் காக்காதா என்று கேட்கிறார்கள். ஓரளவு. விண்ணப்பத்துக்கு முன் மரத்தை வெட்டித் தரிசாக்கிக் காட்டும் தந்திரம் அந்தச் சட்டத்தில் பலிக்காது. 2020 ஜனவரி 30க்குப் பிறகு அழித்ததை அழிப்பதற்கு முந்திய மதிப்பில்தான் கணக்கிடுவார்கள். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு அந்த அளவுகோலில் மதிப்பெண்ணே குறைவு. முள்ளெலியும் பழைய ஆப்பிள் மரமும் நமக்கு எவ்வளவு பெரிதானாலும் படிவத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. எனவே மரங்களுக்குப் பாதுகாப்பு ஆணை வாங்குவது இன்னும் வலுவான வழி. எந்தக் குடியிருப்பாளரும் அதைக் கவுன்சிலிடம் கேட்கலாம். விண்ணப்பம் வருவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

தோட்டத்தைத் தொடாமலே முடியுமா

முடிந்த மட்டும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான் சொன்ன தெருமுனை வீடுகளும் வரிசை வீடுகளும் பத்துக்குக் குறைவு. அவையும் மலிவு வீடு தரப் போவதில்லை. வாடகை கட்ட முடியாமல் தற்காலிக விடுதியில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பத்துக்கு வீடு வர வேண்டுமானால், அது கவுன்சிலின் சொந்த நிலத்தில்தான் வர வேண்டும்: பாழான கராஜ் வரிசைகள், அடுக்ககங்களுக்கு நடுவே பயன்படாத கார் நிறுத்துமிடங்கள்.

க்ராய்டன் இதையும் முயன்றது. பிரிக் பை பிரிக் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிச் சுமார் 20 கோடி பவுண்ட் கடன் கொடுத்தது. எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. 2020 நவம்பரில் கவுன்சில், வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்ற 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. அதற்கு இந்தக் கடனும் ஒரு காரணம். இந்தத் தோல்வியைக் காட்டி, கவுன்சில் வீடு கட்டவே கூடாது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கராஜ் நிலத்தில் வீடு கட்டியது தவறல்ல. விற்று லாபம் பார்த்துக் கடனை அடைக்கலாம் என்று ஒரே நிறுவனத்தின் மேல் அத்தனை பணத்தையும் வைத்து, கணக்கைக் கேட்காமல் விட்டது தவறு. சிறிய அளவில், சமூக வாடகைக்கு, கவுன்சில் தன் வாடகை வீடுகளுக்கென வைத்திருக்கும் தனிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டும் வழி திறந்தே இருக்கிறது.

நகரைச் சுற்றிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் பசுமை வளையத்தின் தரம் குறைந்த ஓரங்களைச் சாம்பல் வளையம் என்று பெயரிட்டு 2024 டிசம்பர் கொள்கை திறந்துவிட்டது. பெரிய மனைகள் என்பதால் அங்கே மலிவு வீடும் கூடுதலாகக் கேட்க முடியும். பஸ் இல்லாத இடத்தில் கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கார் வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்று பாக்கி. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குத் தோட்டத்தில் ஓர் அறை கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அனுமதியின்றிக் கட்டும் வெளிக்கட்டடம் உடற்பயிற்சி அறையாகவோ வேலை அறையாகவோ இருக்கலாம். படுக்கை போட்டு ஆளைக் குடிவைக்க அந்தச் சலுகை பொருந்தாது. பெரிய வீட்டோடு சேர்ந்து இயங்கும் இணைப்பு வீடு என்று விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம், ஹாரோ போன்ற கவுன்சிலிலும். சமையலும் சாப்பாடும் பெரிய வீட்டோடு, தனி முகவரி இல்லை, தனி வேலி இல்லை என்று காட்ட வேண்டும். நாலு வருடம் யாரும் கவனிக்காவிட்டால் சட்டப்படி ஆகிவிடும் என்று இன்னும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு அது பத்து ஆண்டு. அந்த நம்பிக்கையில் அப்பா அம்மாவைக் குடிவைத்து, அமலாக்க நோட்டீஸ் வந்து அவர்களை வெளியேற்ற நேர்வதைவிட, திட்ட அலுவலரிடம் முன்னாலோசனைக்குப் பணம் கட்டிப் பேசிவிடுங்கள். அப்படியே உங்கள் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தோட்டக் கொள்கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேட்டு வாருங்கள்.